இடது மூலை

மாருசிச் போனில் சொன்னது இவ்வளவுதான்:
கைகள் வேண்டும், ஆட்டின் கழுத்து வேண்டும்,
கம்பளிப் பொட்டலத்தில் ஒட்ட நீளவாக்கில் வேண்டும்.
வைக்கப் போனவர் திரும்ப எடுத்து,
"கொஞ்சம் பழுப்பாக" என்றார்,
"பழைய காலம் மாதிரி."

எடுத்துப் பதினோரு நாள்தான் ஆகிறது.
புந்தா அரேனாஸுக்கு வடக்கே மூன்று மணி நேரம்,
தகரக் கொட்டகை.
நீரிணையிலிருந்து வந்த காற்று
கூரை ஆணிகளை ஒவ்வொன்றாய்ச் சோதித்துக்கொண்டிருந்தது.
பவுதிலியோ கார்க்கமோ குனிந்திருக்கிறார்.
முழங்கால்களுக்கு நடுவே ஆடு
பல் பிடுங்க வந்தவளைப் போல் மல்லாந்து
எங்கோ பார்க்கிறது.
மயிர் ஒரே போர்வையாய்ச் சரிகிறது,
தோலில் ஒரு கீறல் இல்லை.

கத்தரிப்பது என்றுதான் அதற்கும் பேர்,
நான் செய்வதற்கும்.

ட போல வெட்டிய இரண்டு கறுப்பு அட்டைகள்.
ஒன்றை நேராக, ஒன்றைத் தலைகீழாக வைத்துப்
பிரதியின் மேல் நகர்த்துகிறேன்.
வலப்பக்கம் ஒரு வாளி, யாரோ ஒருவருடைய முதுகு:
போகட்டும்.
மேலே எரியாத பல்பு:
அதுவும் போகட்டும்.
இடது மூலையில் கரும்பலகை,
சுண்ணக்கட்டியில் நாலு கோடு, குறுக்கே ஒன்று,
நாலு கோடு, குறுக்கே ஒன்று.
அழுக்கு மூலை. கண்ணை இழுக்கிறது.
அட்டையை நகர்த்தினேன்.
படம் மூச்சு விட்டது.

அன்று மாலை அவரே வந்தார்.
மறுநாள் சிலோயேக்கு பஸ்,
மகளிடம் காட்ட ஒரு பிரதி கிடைக்குமா என்று.
கை கழுவித்தான் வந்திருந்தார், இருந்தும்
அறை முழுக்க ஆட்டுக் கொழுப்பின் வாடை.
வெட்டியதைக் காட்டினேன். தலையசைத்தார்.
வெட்டாததைக் காட்டினேன்.
தன் முகத்தைத் தாண்டிப் போனது அவர் விரல்.
நகத்தால் எண்ணினார், உதடு அசைய,
ஓரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டார்.
"நூற்றைம்பத்தெட்டுக்குத்தான் கொடுத்தார்கள்.
நான் கத்தரித்தது நூற்று அறுபத்து மூன்று."

ஒரு கட்டு.
யாருடைய சட்டைக்கையோ உரசியிருக்க வேண்டும்,
கடைசி ஐந்து மட்டும்
கண்ணாடியில் விட்ட மூச்சு போல.

சிவப்பு விளக்கைப் போட்டேன்.
மென்மையான தாளில் அவை இல்லை.
மூன்றாம் எண் தாளில் ஒரு சந்தேகம்.
நாலாம் எண்ணில், மூலைக்கு மட்டும்
உள்ளங்கையால் நிழல் பிடித்து,
தட்டை ஆட்ட ஆட்ட
ஐந்தும் மேலே வந்தன,
நாலு நின்றபடி, ஒன்று படுத்தபடி.

கூட்டினேனா, காட்டினேனா?
சுண்ணம் அங்கே இருந்தது. அழுத்தம் என்னுடையது.
இதை அவரிடம் சொல்லவும் செய்தேன்.
ஈரத் தாளைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார்:
"கத்தியைச் சாணை பிடித்தால்
ஆட்டுக்கு மயிர் கூடுமா?"

மாருசிச்சுக்கு அவர் கேட்டதே போயிற்று.
நீளவாக்கில், பழுப்பாக.
மறைப்பானேன், எனக்கு இரண்டு மாத வாடகை பாக்கி.
கந்தகக் குளியல், அழுகிய முட்டை நாற்றம்,
ஜன்னலைத் திறந்தால் காற்று தாளையெல்லாம் வாரிவிடும்,
மூடிக்கொண்டே செய்தேன்.
பதினோரு நாள் முந்தைய வேலை
கண்ணெதிரே அறுபது வருடம் பின்னால் போய் நின்றது.
அங்கே யாருக்கும் கூலி பாக்கி இல்லை.

பவுதிலியோவுக்கு மூலை மட்டும்.
ஆடு இல்லை, கை இல்லை, முகம் இல்லை,
பலகையும் கோடுகளும்,
எந்தச் சாயமும் ஏற்றாத கறுப்பு வெள்ளை.
நான் இதுவரை கத்தரித்ததிலேயே அசிங்கமான படம்.
செய்தித்தாளில் சுருட்டிக்
கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனார்.
மகளுக்கென்று போட்ட பிரதி
கிளிப்பில் சொட்டிக்கொண்டிருந்தது.

பஸ் ஏழு மணிக்கு.
அலுவலகம் எட்டுக்குத்தான் திறக்கும்.